எல்எஸ்3 எஞ்சின்: என் 1970 மாலிபுவில் இரண்டு கோடை, 6,200 மைல்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பழைய மசில் காருக்கு, அதாவது பெரிய எஞ்சின் வைத்த அந்தக் காலத்து அமெரிக்கக் காருக்கு, எல்எஸ்3 மாதிரி ஷெவர்லேயின் புது எஞ்சின் போடலாம். ஆனால் உங்கள் காருக்குள் இப்போது உட்கார்ந்திருப்பது எந்த எஞ்சின் என்று தெரிந்துகொள்ளாமல் எந்தக் கடைக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள்.

என் கார் 1970 ஷெவர்லே ஷெவெல் மாலிபு. இரண்டு கதவு, ஃபாதம் ப்ளூ என்கிற அடர்நீலம். 2017இல் மிச்சிகனில் ஃபிளின்ட் பக்கத்து ஓய்வுபெற்ற தொழிற்சாலைக்காரர் ஒருவரிடம் 19,500 டாலருக்கு வாங்கினேன். நாங்கள் இருப்பது டெட்ராய்ட்டுக்கு வடக்கே ட்ராயில். எனக்குப் பிழைப்பே கார் கம்பெனிகளை நம்பித்தான். பகல் முழுக்கக் கணினித் திரையில் காரைப் பார்க்கிறவனுக்குச் சாயங்காலம் கையில் கிரீஸ் ஒட்டும்படி ஒரு கார் வேண்டியிருந்தது.

வாங்கும்போது உள்ளே இருந்தது 350 ஸ்மால் பிளாக் வி8. 350 கன அங்குலம், அதாவது 5.7 லிட்டர், எட்டு சிலிண்டர். மேலே ரோசெஸ்டர் குவாட்ராஜெட் கார்புரேட்டர், பின்னால் டர்போ 350 என்கிற மூன்று கியர் ஆட்டோமேடிக். குளிரில் கிளப்ப வேண்டுமென்றால் பெடலை இரண்டு தடவை முழுக்க மிதித்து விட்டு, மூன்றாவது தடவை பாதியில் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்ப வேண்டும். பிடித்துக்கொண்டால் இரண்டு நிமிடம் காலை எடுக்கக் கூடாது. கராஜ் முழுக்கப் பெட்ரோல் வாசனை. எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது. பிரச்சினை குளிரில் இல்லை, சூட்டில்.

ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை இங்கே வுட்வர்ட் டிரீம் குரூஸ். 1995 முதல் நடக்கிறது. வுட்வர்ட் அவென்யூ முழுக்கப் பழைய கார்கள், ஆமை வேகத்தில். 2021இல் மனைவியும் மகளும் கூட வந்தார்கள். 13 மைல் ரோடு சிக்னலுக்குப் பக்கத்தில் கார் இரண்டு தடவை குலுங்கி நின்றுவிட்டது. அந்தக் காலத்துப் பெட்ரோல் பம்பு எஞ்சின் பிளாக்கிலேயே திருகியிருக்கும். அது டேங்கிலிருந்து உறிஞ்சி எடுக்க வேண்டும். இன்றைக்குக் கிடைக்கும் பெட்ரோலில் 10 சதவீதம் எத்தனால். ஊர்ந்து போகும் வண்டியில் எஞ்சின் சூடு ஏற ஏற, பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடுகிறது. பம்பால் ஆவியை இழுக்க முடியாது. நாற்பது நிமிடம் ஆறவிட்டுத்தான் கிளப்பினேன். அந்தக் கோடையில் அது மூன்றாவது தடவை. வீட்டுக்கு வரும் வழியில் மனைவி ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாள்: "இனி இந்த வண்டில நான் வரலைங்க."

அடுத்த வாரம் கம்ப்ரெஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் தருகிறது என்று பார்த்தேன். ஆறு சிலிண்டரில் 140 பிஎஸ்ஐக்கு மேல். ஆறாம், எட்டாம் சிலிண்டர்களில் 95. ஐந்நூறு மைலுக்கு ஒரு குவார்ட் எண்ணெய் குடித்துக்கொண்டிருந்ததற்குக் காரணம் தெரிந்துவிட்டது. எப்படியும் எஞ்சினை இறக்கியாக வேண்டும். இறக்கினால் அதையே ரீபோர் செய்து (சிலிண்டரைக் கடைந்து) ஏற்றுவதா, வேறு போடுவதா?

இந்த இடத்தில்தான் நான் முதலில் சொன்ன விஷயம். அந்தக் காலத்து ஷெவர்லே வி8இல், வலது பக்க ஹெட்டுக்கு முன்னால், ஆல்டர்னேட்டர் பிராக்கெட்டுக்குக் கீழே, பெருவிரல் அகலத்துக்கு ஒரு தட்டையான இடம் உண்டு. எஞ்சின் எந்தத் தொழிற்சாலையில், எந்தத் தேதியில் பூட்டப்பட்டது என்பதையும், காரின் வரிசை எண்ணின் கடைசிப் பகுதியையும் அதில் முத்திரை குத்தியிருப்பார்கள். ஃபிளின்ட் என்றால் முதல் எழுத்து வி, டோனவாண்டா என்றால் டி. ஐம்பது வருட எண்ணெய்ப் பிசுக்கு கெட்டியாகப் படிந்திருந்தது. பிரேக் கிளீனரை அடித்து, பழைய பனியன் துணியால் துடைத்துத் துடைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோது ஒவ்வொரு எண்ணாக எழும்பி வந்தது. கண்ணாடிக்குக் கீழே டாஷ்போர்டில் இருக்கும் தகட்டோடு ஒப்பிட்டேன். பொருந்தவில்லை.

பிளாக்கின் பின்பக்க விளிம்பையும் பார்த்தேன். வார்ப்பு எண் 3970010. இதை வைத்து மட்டும் எதுவும் சொல்ல முடியாது. 1969இல் தொடங்கி எழுபதுகள் முழுக்க ஷெவர்லே 350 எஞ்சின்களில் பெரும்பாலும் இதே எண்தான். தேதிதான் சாட்சி: ஹெச் 22 4. ஹெச் எட்டாவது மாதம். கடைசி 4 வருடத்தின் கடைசி இலக்கம். 1974 ஆகஸ்ட் 22இல் வார்த்த பிளாக் 1970இல் ஓடிய காரில் எப்படி இருக்கும்? இந்தக் காரோடு பிறந்த எஞ்சின் என்றைக்கோ போய்விட்டது. யாரோ நாலு வருடம் பிந்திய எஞ்சினை வைத்து ஓட்டியிருக்கிறார்கள்.

எனக்கு அது வருத்தமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. நம்பர் பொருந்தியிருந்தால் நான் புது எஞ்சின் பக்கம் போயிருக்க மாட்டேன். இதை உறுதியாகச் சொல்கிறேன். என் நண்பர் ஒருவரிடம் அதே வருடத்து ஷெவெல் எஸ்எஸ் 396 இருக்கிறது, அவர் அப்பா காலத்துக் கார், பிறந்த எஞ்சினோடு. (பெயர்தான் 396. 1970இல் அதன் உண்மையான கொள்ளளவு 402 கன அங்குலம். பெயர் பிரபலமாகிவிட்டதால் மாற்றாமல் விட்டார்கள்.) அவருடைய காரில் எல்எஸ்3 போடுவது பற்றி என்னிடம் கேட்டால், கையைப் பிடித்துத் தடுப்பேன். பழைய எஞ்சினை வெளியே எடுத்து வைத்துக்கொண்டால் போதாதா என்பார்கள். வைத்துக்கொள்ளும்போது எல்லாரும் பத்திரமாகத்தான் வைப்பார்கள். வீடு மாறும்போதுதான் அது காணாமல் போகும். என் காருக்கு நடந்ததும் அநேகமாக அதுதான்.

கோயம்புத்தூரில் அப்பா முப்பது வருடம் லேத் பட்டறை வைத்திருந்தவர். சிலிண்டர் போர் அடித்த கை. அவரிடம் போனில் சொன்னேன். அவர் காலத்தில் அம்பாசடரில் பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு மெட்டடார் டீசல் எஞ்சினை உட்கார வைப்பது சர்வசாதாரணம். "எஞ்சின் மாத்தறது பெருசில்லடா. மாத்தின எஞ்சினோட இழுவைக்கு பிரேக்கும் பின்னாடி கிரௌனும் தாங்குமா, அத முதல்ல பாரு" என்றார். (கிரௌன் என்றால் பின் ஆக்சிலுக்குள் இருக்கும் பல்சக்கரம்.) இந்த வேலை முழுக்க எனக்குக் கிடைத்த யோசனைகளில் உருப்படியானது அதுதான்.

வேறு வழிகளும் இருந்தன. உங்கள் எஞ்சின் நல்ல நிலையில் இருந்து, கிளப்புவதும் சூட்டில் நிற்பதும் மட்டுமே தொந்தரவு என்றால், ஹோலி ஸ்னைப்பர் மாதிரி கார்புரேட்டர் இடத்திலேயே உட்காரும் பெட்ரோல் இன்ஜெக்ஷன் போடுங்கள். டேங்குக்குள் பம்பும் சேர்த்தால் முக்கால்வாசிப் பிரச்சினை தீர்ந்துவிடும். செலவும் பெரிய அளவில் குறையும். பணம் இறுக்கமாக இருந்தால் பழைய சில்வராடோ, டாஹோ வண்டிகளில் இருந்து 5.3 லிட்டர் எஞ்சினை எடுத்துப் போடுகிறவர்கள் நிறையப் பேர். இரும்பு பிளாக், அடித்தாலும் சாகாது. நான் புது எஞ்சின் எடுத்ததற்கு ஒரே காரணம் உத்தரவாதம். இரண்டு வருடம் அல்லது 50,000 மைல்.

எல்எஸ்3 முதலில் வந்தது 2008 கார்வெட்டில். 6.2 லிட்டர், அலுமினிய பிளாக், 430 குதிரைத்திறன். காகிதத்தில் 1970 மாலிபுவின் நான்கு வாய் கார்புரேட்டர் 350க்கு 300 குதிரைத்திறன் என்று போட்டிருக்கும். வித்தியாசம் 130தான் என்று நினைத்துவிடக் கூடாது. அந்தக் காலத்தில் எஞ்சினைத் தனியாக மேடையில் வைத்து, சைலன்சர், ஏர் கிளீனர், ஃபேன் எதுவும் இல்லாமல் அளந்த கணக்கு அது. 1972 முதல் எல்லாவற்றையும் மாட்டி அளக்க ஆரம்பித்தார்கள். அந்த வருடம் அதே வகை 350க்கு 175 என்றுதான் போட முடிந்தது. இடையில் கம்ப்ரெஷனையும் குறைத்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்எஸ்3இன் 430, கார்வெட்டில் எல்லாம் மாட்டி அளந்த எண். எடையும் பழைய இரும்பு எஞ்சினைவிடக் கிட்டத்தட்ட எழுபது கிலோ குறைவு. திருப்பத்தில் முன்பக்கம் அமுங்கும் பழக்கம் அதிலேயே பாதி போய்விட்டது.

இதே எஞ்சினில் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டை மாற்றி இன்னும் சக்தி ஏற்றிய வடிவமும் விற்கிறார்கள். வேண்டாம். கேம் முரட்டுத்தனமாக ஆக ஆக, ஐடிலில், அதாவது வண்டி நிற்கும்போது, எஞ்சினின் உறிஞ்சும் வேக்குவம் குறையும். பவர் பிரேக் அந்த வேக்குவத்தை நம்பித்தான் இருக்கிறது.

எஞ்சின் பெட்டி வந்த நாளில் கண்ட்ரோலர் கிட்டும் வந்தது. கம்ப்யூட்டர், வயரிங், ஆக்ஸிஜன் சென்சார்கள், காற்றை அளக்கும் சென்சார், ஆக்சிலேட்டர் பெடல்கூட உள்ளேயே இருக்கிறது, ஏனென்றால் இதில் கேபிள் கிடையாது. வயரிங்கில் ஒவ்வொரு கனெக்டரிலும் பெயர் எழுதியிருந்தது. வாங்கிய பொருள் என்ற அளவில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் பெட்டியில் வராத பொருள்களின் பட்டியல்தான் நீளம். ஃபிரேமில் உட்கார அடாப்டர் பிளேட், குறுக்குச் சட்டத்தில் இடிக்காத ஆயில் பேன் (ஹோலியில் வாங்கினேன், கச்சிதம்), ஹெடர் என்கிற புகைக் குழாய், ரேடியேட்டர், பெல்ட் அமைப்பு. பெட்ரோலுக்கு 58 பிஎஸ்ஐ அழுத்தம் வேண்டும். பழைய பம்பு கொடுத்தது ஆறு, ஏழு. ஆகவே உள்ளேயே பம்பு வைத்த புது டேங்க். கியர்பாக்ஸுக்கு 4எல்65இ எடுத்தேன், நான்கு கியர், கடைசி கியர் எஞ்சினை மெதுவாகச் சுற்ற விடும் ஓவர்டிரைவ். அது பழையதைவிட மூன்று அங்குலம் நீளம் என்பதால் புரொப்பெல்லர் ஷாஃப்டை வெட்டிச் சிறிதாக்க வேண்டும். அப்புறம் அதில் ஸ்பீடோமீட்டர் கேபிளுக்கு இடமே இல்லை. நீளவாக்கில் இருக்கும் அந்தப் பழைய மீட்டரை எடுக்க எனக்கு மனசு வரவில்லை. மின்சிக்னலை வாங்கிக் கேபிளைச் சுற்றித் தரும் ஒரு சின்னப் பெட்டியை மாட்டிக் காப்பாற்றினேன்.

அப்பா சொன்னபடி எஞ்சினுக்கு முன்னால் பிரேக். நான்கு சக்கரத்திலும் டிரம்தான் இருந்தது. முன்னால் டிஸ்க் மாற்றிய பிறகே எஞ்சின் வேலைக்கு விட்டேன்.

பூட்டும் வேலையை வெளியே கொடுத்தேன். கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. நான்கு வாரம் என்றார்கள், பதினொரு வாரம் ஆனது. அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது வேறு. வண்டியை எடுத்துவந்த முதல் வாரத்தில், ஐ-75 நெடுஞ்சாலையிலிருந்து இறங்கி நெரிசலில் நின்றதும் சூட்டு முள் 190 டிகிரி ஃபாரன்ஹீட்டிலிருந்து 235க்கு ஏறியது. ஒரு நிமிடம் ஓட்டினால் சட்டென்று இறங்கும். கூடவே டாஷ்போர்டுக்குப் பின்னால், ஹீட்டர் பக்கம், கொடகொடவென்று தண்ணீர் கொப்பளிக்கும் சத்தம். கூலன்ட்டில் காற்று மாட்டியிருக்கிறது.

எல்எஸ் எஞ்சின் ஹெட்டுகளின் மேலே பென்சில் பருமனில் ஒரு குழாய் உண்டு. உள்ளே சேரும் ஆவியும் காற்றும் அது வழியாகத்தான் ரேடியேட்டரின் மேல்பகுதிக்குத் திரும்ப வேண்டும். பழைய ஸ்மால் பிளாக்கில் இப்படி ஒரு குழாய் கிடையாது. பழைய எஞ்சின்களிலேயே ஊறியவர்களுக்கு இது என்ன என்று தெரியாமல் போவது உண்டு. டார்ச் அடித்துப் பார்த்தால், அந்தக் குழாயின் வாயில் ஒரு ரப்பர் மூடியை மாட்டி கிளாம்ப் போட்டு இறுக்கியிருந்தார்கள். கடைக்குப் போன் செய்தேன். நிறைய வண்டிகள் அப்படித்தான் ஓடுகின்றன என்றார்கள். பத்தாயிரம் டாலர் எஞ்சினின் ஹெட் கேஸ்கட்டை ஒரு ரப்பர் மூடியை நம்பி விட முடியாது. ரேடியேட்டரில் அதற்கென்றே ஒரு வாய் இருந்தது. 14 டாலருக்கு ஒரு துண்டு ஹோஸ் வாங்கி நானே இணைத்தேன். அன்றிலிருந்து முள் 200ஐத் தாண்டியதில்லை. நீங்கள் வேலையை வெளியே கொடுத்தால், வண்டியை எடுக்கும் முன் அந்தக் குழாய் எங்கே போகிறது என்று விரலால் தொட்டுப் பாருங்கள்.

சரி, ஓட்டினால் எப்படி இருக்கிறது?

சாவி அதே இடத்தில், ஸ்டீயரிங் கம்பத்தில். திருப்பினால் ஒரு சுற்றுக்குள் பிடித்துக்கொள்கிறது. கால் பெடலில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. நவம்பர் காலையிலும் இதேதான். நெடுஞ்சாலையில் 70 மைல் வேகத்தில் பழைய எஞ்சின் 2,900 சுற்று சுற்றும். பக்கத்தில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டும். இப்போது அதே வேகத்தில் 2,050. மெதுவாகப் பேசினாலே கேட்கிறது. இதில் பாதிப் புண்ணியம் கியர்பாக்ஸுக்கு. எஞ்சினை மட்டும் மாற்றிவிட்டு மூன்று கியரோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் கிடைக்க வேண்டிய சுகத்தில் பாதியை விட்டுவிடுகிறார்கள். மைலேஜ் கேலனுக்கு 11 கொடுத்தது, நெடுஞ்சாலையில் இப்போது 19 கொடுக்கிறது. 2023, 2024 இரண்டு டிரீம் குரூஸிலும் மணிக்கணக்கில் ஊர்ந்தது, ஒரு தடவைகூட நிற்கவில்லை. இரண்டாவது வருடம் முழுநாளும் மனைவி முன் சீட்டில் இருந்தாள்.

இழுவையைப் பற்றித் தனியாக எழுத வேண்டியதில்லை. மிதித்தால் போகிறது. பிக்கப் வேண்டிய அளவுக்கு மேலேயே இருக்கிறது. அதுவே ஒரு செலவையும் கொண்டுவந்தது. 2,000 மைலில் பின் ஆக்சில் ஊளையிட ஆரம்பித்தது. என் காரில் இருந்தது 10-போல்ட், சாதா மாலிபுவுக்காகச் செய்தது. அதைவிடப் பலமான 12-போல்ட் ஆக்சில் வாங்கி மாற்றினேன். கிரௌன் தாங்குமா பார் என்று அப்பா முதலிலேயே சொல்லியிருந்தார். பிரேக்கைக் கேட்டேன், அதைக் கேட்காமல் விட்டேன்.

இழந்தவையும் உண்டு. குவாட்ராஜெட்டில் முன்னால் இரண்டு சின்ன வாய், பின்னால் இரண்டு பெரிய வாய். பாதி மிதிக்கும்வரை சாதுவாக இருக்கும். அதற்கு மேல் மிதித்தால் பின் வாய்கள் திறந்து, பானெட்டுக்கு அடியில் ஏதோ ஒன்று மூச்சை இழுத்துப் பிடிப்பது மாதிரி ஒரு உறுமல் வரும். உள்ளங்கால் வரை தெரியும். எல்எஸ்3 எத்தனை வேகமாகப் போனாலும் அந்தச் சத்தம் அதில் இல்லை. சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசையே வேறு, சைலன்சர் மாற்றி அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. பானெட்டைத் திறந்தாலும் ஏக்கமாகத்தான் இருக்கிறது. வால்வ் கவர் மேல் வரிசையாக எட்டு காயில், கறுப்புப் பிளாஸ்டிக். கவர்களுக்கு ஷெவர்லே ஆரஞ்சு அடித்தேன். கொஞ்சம் ஆறுதல்.

கணக்கு: எஞ்சின், கண்ட்ரோலர், கியர்பாக்ஸ் மூன்றும் 14,500 டாலர். கூலி 6,800. மற்ற எல்லாம், பிரேக்கும் ஆக்சிலும் சேர்த்து, 10,700. மொத்தம் 32,000. கார் வாங்கிய விலையைவிட அதிகம். விற்றால் இதில் பாதிகூடத் திரும்பாது. விற்கிற எண்ணத்தில் இருப்பவர் இதைச் செய்யவே வேண்டாம். எஞ்சின் விலையைப் பார்த்து முடிவெடுப்பவர்கள் அந்த விலையை மூன்றால் பெருக்கிப் பாருங்கள். இன்ஷூரன்ஸ்காரரிடம் சொல்லி ஒப்புக்கொண்ட மதிப்பையும் உயர்த்திக்கொள்ளுங்கள். மிச்சிகனில் புகைப் பரிசோதனை கிடையாது என்பதால் எனக்கு அந்தத் தலைவலி இல்லை. வேறு மாநிலத்துக்காரர்கள் முதலில் உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பாருங்கள்.

ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தேன். காரின் உடம்பில் எங்கேயும் வெட்டு இல்லை, வெல்டிங் இல்லை. வயரிங்கூட ஹீட்டர் குழாய் போன பழைய ஓட்டை வழியாகத்தான் உள்ளே வருகிறது. நாளைக்கு வேறு யாராவது இதில் 350 வைக்க நினைத்தால், போல்ட்டைக் கழற்றி வைக்கலாம்.

கழற்றிய 1974 எஞ்சின் கராஜ் மூலையில் ஸ்டாண்டில் நிற்கிறது. போன மாதம் மகள் அதைப் பிரிக்கலாமா என்று கேட்டாள். பதினாறு வயது, மாலிபுவை இப்போது அவளும் ஓட்டுகிறாள். இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் வலது பக்க ஹெட்டைக் கழற்றிவிட்டோம். ஆறாம் சிலிண்டருக்குள் விரலை விட்டு, மேல் விளிம்பிலிருந்து நகத்தைக் கீழே இழுக்கச் சொன்னேன். பிஸ்டன் ரிங் திரும்பும் இடத்தில் நகம் டக்கென்று மாட்டியது. "இதாப்பா எண்ணெய் குடிச்சது?" என்றாள். ஆமாம் என்றேன். இன்னும் இடது பக்கம் பாக்கி.